கியர் போச்சு என்று சொல்வதற்கு முன்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண் அசரலாம் என்று பாயை விரித்த நேரத்தில் தம்பி மகனிடமிருந்து போன் வந்தது. அவன் தம்மாமில் ஒரு சின்ன ஏசி மராமத்துக் கம்பெனியில் இருக்கிறான். வழக்கமாக ராத்திரியில்தான் கூப்பிடுவான். பகலில் கூப்பிட்டால் ஏதோ விஷயம் என்று அர்த்தம்.

"பெரியப்பா, வண்டி கியர் போயிடுச்சுன்னு சொல்றாங்க. நான்தான் கெடுத்தேன்னு எழுதிட்டாங்க. 4,500 ரியால் ஆகுமாம். மாசாமாசம் சம்பளத்துல பிடிப்பாங்களாம்."

வண்டி 2001 மாடல் ஜிஎம்சி சியரா பிக்கப், ஆட்டோமேட்டிக். நம் ஊரில் சவூதிக்குப் போய் வந்தவர்களுக்குப் பிக்கப் என்பதைவிட 'வனேத்' என்றால் சட்டென்று விளங்கும். 1983 முதல் 2010 வரை, 27 வருஷம் ஜுபைலில் ஒரு கான்டிராக்ட் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் நான் பார்த்ததெல்லாம் இந்த வண்டிகள்தான். முழங்கால் வலி போக அந்த ஊர் எனக்குக் கொடுத்தது அந்த அனுபவம். அதனால்தான் பையன் என்னைக் கூப்பிட்டான்.

அவன் பேசப் பேச எனக்கு வேறொரு வண்டியும் வேறொரு மனிதரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் சரியாக விழவில்லை என்றால், கியர் பாக்ஸைக் கழற்றுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும்; ஓட்டியவன் சொல்வதைக் கேட்பது முதல் வேலையாக இருக்க வேண்டும். ஊர் உலகத்தில் நடப்பதோ இதற்குத் தலைகீழ். முதலில் கழற்றுகிறார்கள், பிறகு ஓட்டியவன் தலையில் கட்டுகிறார்கள். நானும் அப்படிச் செய்தவன்தான். அதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் பெடல் இல்லாததால் ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்சே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உள்ளே பல செட் கிளட்ச் பிளேட்டுகள் இருக்கின்றன. இரும்புத் தகட்டின் மேல் கெட்டிக் காகிதம் மாதிரி ஒரு லைனிங். சாதா வண்டியில் நம் கால் செய்கிற வேலையை இங்கே ஆயில் அழுத்தம் செய்கிறது. ஒரு பம்ப் அந்தச் சிவப்பு ஆயிலை அழுத்திக்கொண்டே இருக்கும். எந்த நேரத்தில் எந்த செட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் வால்வுகள் முடிவு செய்யும். வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது, டிரைவர் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறார் என்ற இரண்டு தகவல்தான் அதற்கு வேண்டும். பழைய வண்டிகளில் வேகத்தைச் சொல்ல கவர்னர் என்று ஒரு சாமான் உண்டு. மிதியைச் சொல்ல ஒரு கேபிளோ, என்ஜினிலிருந்து வரும் ஒரு வேக்குவம் குழாயோ இருக்கும். பிற்பாடு வந்த வண்டிகளில் இந்த வேலையைக் கம்ப்யூட்டரும் ஒயர்களும் செய்கின்றன.

ஆக, தகவல் தப்பாகப் போனால் நல்ல கியர் பாக்ஸும் தப்பாகத்தான் மாறும். எழுதிக் கொடுக்கிறவர் பொய் சொன்னால் கணக்குப்பிள்ளை என்ன செய்வார்?

நான் ஊரிலிருந்து போகும்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்ஸும் லாரியும்தான். ஜுபைலில் அப்போது நகரமே புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனியில் அறுபது வண்டிகளுக்கு மேல். பாதிக்கு மேல் செவர்லே, ஜிஎம்சி பிக்கப். பழையவற்றில் 'டர்போ 350' என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் இருந்தது. ரொம்பக் கெட்டியான பாக்ஸ். அதற்கு என்ஜினிலிருந்து ஒரு வேக்குவம் குழாய் போகும். கூடவே கார்புரேட்டரிலிருந்து ஒரு கேபிளும் போகும். அந்தக் கேபிள், ஓவர்டேக் பண்ண முழுசாக மிதிக்கும்போது கியரைக் கீழே இறக்குவதற்கு மட்டும். அது அறுந்து தொங்கினாலும் வண்டி ஓடும். ஓவர்டேக்கில் இழுவை குறையும், அவ்வளவுதான். நாங்கள் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ள மாட்டோம்.

புதிதாக வந்த வண்டிகளில் '700ஆர்4' என்ற நாலு கியர் பாக்ஸ் இருந்தது. அமெரிக்காவில் 1982 மாடலிலிருந்து போட ஆரம்பித்தார்கள். நாலாவது கியர் ஓவர்டிரைவ், 0.70 விகிதம், ஹைவேயில் பெட்ரோல் மிச்சம். அதிலும் கார்புரேட்டரிலிருந்து ஒரு கேபிள் போனது. பார்ப்பதற்குப் பழைய கேபிள் மாதிரியேதான் இருக்கும். ஆனால் வேலை வேறு. உள்ளே கிளட்ச் பிளேட்டுகளைப் பிடிக்கும் அழுத்தமே அந்தக் கேபிள் எவ்வளவு இழுபடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஏறும், இறங்கும். கேபிள் தளர்ந்திருந்தால் டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் பாக்ஸுக்கு அவர் மெதுவாக மிதிப்பதாகத்தான் தோன்றும். அழுத்தம் ஏறாது. கியர் சீக்கிரமே, மெத்தென்று விழும். ஓட்டுகிறவருக்கு அது சுகமாகக்கூட இருக்கும். உள்ளே பிளேட்டுகள் வழுக்கி வழுக்கிக் கருகிக்கொண்டிருக்கும்.

இந்த வித்தியாசம் எனக்கு 1986-ல் தெரியாது.

அந்த வருஷம் மே மாதம் ஒரு செவர்லே பிக்கப்புக்குக் கார்புரேட்டர் போய்விட்டது. புதுசு வர நாளாகும் என்றார்கள். கழித்துப்போட்ட பழைய வண்டி ஒன்றிலிருந்து, டர்போ 350 பாக்ஸ் போட்ட வண்டி அது, கார்புரேட்டரைக் கழற்றி நான்தான் மாட்டினேன். கேபிளை மாட்டும் கொக்கி அளவு ஒத்து வரவில்லை. ஒரு தகட்டை வளைத்து ஓட்டை போட்டுக் கோத்துவிட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆனது, ஓடியது. நல்ல வேலை என்று ஃபோர்மேன் தோளில் தட்டினார்.

அந்த வண்டியின் டிரைவர் பெஷாவர் பக்கத்துக்காரர். ஐம்பது வயசு இருக்கும். எங்களுக்கெல்லாம் அவர் 'சாச்சா'. பத்து நாள் கழித்து ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். அவர் இந்தியில் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "மூன்றாவது கியர் முன்னே நாற்பதில் விழும், இப்போ முப்பதுக்குள்ளேயே விழுது. சாமான் ஏத்தி அழுத்தி மிதிச்சாலும் அதே மாதிரிதான். வழுக்குற மாதிரி இருக்கு. கார்புரேட்டர் மாத்தினதிலேர்ந்துதான்."

இதைவிடத் தெளிவாக ஒரு மெக்கானிக்குக்கூடச் சொல்ல வராது. எந்தக் கியர், எந்த வேகம், சுமையோடு எப்படி, எப்போதிலிருந்து என்று நாலும் சொல்லிவிட்டார். நான் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஆயில் அளவு சரி. "சீக்கிரம் விழுந்தா நல்லதுதானே சாச்சா, பெட்ரோல் மிச்சம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றைக்கு வேலை அதிகம் என்று இப்போது சமாதானம் சொல்லலாம். அதெல்லாம் இல்லை. டிரைவருக்கு என்ன தெரியும் என்ற எண்ணம்தான்.

ஜூன் நடுவில் வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். மூன்றாவது, நாலாவது இரண்டும் இல்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் காப்பி டிக்காஷன் நிறம், கருகிய வாடை. பானைக் கழற்றினால் அடியில் கருப்பு மண்டி. ஃபோர்மேன் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: "மணல்ல மாட்டிக்கிட்டு முன்னே பின்னே ஆட்டியிருக்கான்." இது ஆகாத பேச்சு இல்லை. மணலில் சக்கரம் புதைந்தால் சிலர் லீவரை முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் போட்டு ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிப்பார்கள். 45 டிகிரி வெயிலில் அப்படிக் கொஞ்ச நேரம் ஆட்டினால் ஆயில் வெந்துவிடும். அப்படிக் கெட்ட பாக்ஸ்களை நான் பார்த்திருக்கிறேன். சாச்சா ஆட்டவில்லை என்றார். யார் கேட்டார்கள்? ஜாப் கார்டில் காரணம் என்ற இடத்தில் 'டிரைவர் தவறு' என்று ஃபோர்மேன் எழுதினார். மெக்கானிக் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

அவர் சம்பளம் மாதம் 900 ரியால். மாதம் 300 வீதம் ஐந்து மாதம் பிடிக்கச் சொல்லி ஆபீஸில் முடிவானது. சனாயியாவில் ஓவர்ஹால் செய்த ஒரு பாக்ஸை வாங்கி மாட்டினோம். கேபிளை? பழையபடி என் கைத்தகட்டிலேயே கோத்தேன்.

செப்டம்பரில் மறுபடியும் அதே வண்டி, அதே கோளாறு. இந்தத் தடவை மேனேஜர் கத்திய கத்தலில் கண்ணாடி அதிர்ந்தது. ஆளை எக்ஸிட் அடித்து அனுப்பு என்றார். வளைகுடாவில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் அடையாமலே பெட்டியைக் கட்டு என்று அர்த்தம்.

அந்த மாதம் எங்களிடம் புதிதாக ஒரு பிலிப்பைன்ஸ் மெக்கானிக் சேர்ந்திருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். வண்டியைப் பார்த்ததும் அடியில் போகவில்லை. பானெட்டைத் திறந்தார். என்னை உள்ளே உட்காரச் சொல்லி, என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். "இன்னும் மிதி" என்றார். கால் தரையில் முட்டிக்கொண்டிருந்தது. "அவ்வளவுதான்" என்றேன். என்னை இறங்கி வரச்சொல்லி, அவர் மிதித்துக் காட்டினார். கார்புரேட்டர் முழுசாகத் திறக்கிறது. கேபிள் பாதிதான் நகர்கிறது. "இந்தக் கார்புரேட்டரை யார் மாட்டினது?" என்று கேட்டார்.

நான்தான் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சரியான கொக்கி போட்டு கேபிளை அட்ஜஸ்ட் பண்ண அவருக்கு முழுசாகப் பத்து நிமிஷம் ஆகவில்லை. கேபிள் உறையில் ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்திக்கொண்டு நகரும் துண்டைப் பின்னால் தள்ளி, பட்டனை விட்டுவிட்டு, கார்புரேட்டர் லீவரை முழுசாகத் திறந்தால் கடகடவென்று சத்தத்தோடு தானே தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு கியர் பாக்ஸ் போனது இந்தப் பத்து நிமிஷ வேலையைச் செய்யாததால்தான்.

சாச்சாவுக்கு எக்ஸிட் அடிக்கவில்லை. மீதி இரண்டு மாதப் பிடித்தத்தையும் நிறுத்தினார்கள். ஏதோ சலுகை காட்டுவது மாதிரி. பிடித்த 900 ரியால் திரும்பவில்லை. ஃபோர்மேன் என்னைத் தனியே கூப்பிட்டு, "கார்டுல கேபிள் அட்ஜஸ்ட் பண்ணினோம்னு மட்டும் எழுது, வேற எதுவும் வேண்டாம்" என்றார். அப்படியே எழுதினேன். ஜூன் மாதக் கார்டில் இருந்த 'டிரைவர் தவறு' அப்படியே ஃபைலில் இருந்தது.

அந்த மாதச் சம்பளத்தில் 300 ரியாலை ஒரு கவரில் போட்டு சாச்சா ரூமுக்குக் கொண்டுபோனேன். வேண்டாம் என்று சொல்லிக் கட்டிப்பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் கவரைப் பிரித்தார், எண்ணினார். "இன்னும் அறுநூறு இருக்கு" என்றார். அடுத்த இரண்டு மாதத்தில் கொடுத்து முடித்தேன். அதற்குப் பிறகுதான் என்னோடு பழையபடி பேசினார்.

அதிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கியர் புகார் வந்தால் முதலில் ஓட்டியவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துக் கேட்பேன். எப்போதிலிருந்து? அதற்கு முன் வண்டியில் யார் என்ன வேலை செய்தார்கள்? காலையில் முதல் ஓட்டத்திலா, சூடானதும்தானா? ரிவர்ஸ் எப்படி? இதைக் கேட்டாலே பாதி வழி வந்துவிடும். கோளாறு வருவதற்கு முந்தைய வாரம் யாரோ ஏதோ கை வைத்த கதை எத்தனையோ தடவை வெளிவந்திருக்கிறது.

அடுத்தது ஆயில். இதிலேயே பலர் தப்புப் பண்ணுகிறார்கள். என்ஜின் ஆயிலை வண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். இந்த வண்டிகளில் ஆட்டோமேட்டிக் ஆயிலைச் சமதரையில், நன்றாக ஓடிச் சூடான பிறகு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, லீவரைப் பார்க்கில் வைத்துப் பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்து, தப்பான அளவை நம்பி ஒரு லிட்டரைக் கூட்டியோ குறைத்தோ விடுகிற ஹெல்பர்கள் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் உண்டு. குறைந்தால் வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் வழுக்கும், உள்ளே சுழலும் சக்கரங்கள் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையில் அழுத்தம் நிற்காது. நிறத்தையும் பார்க்க வேண்டும். சிவப்பாக இருந்தால் சரி. கருகிய வாடையோடு கறுத்திருந்தால் பிளேட்டுகள் வெந்துவிட்டன. ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஒழுகித் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை ஒரு அடிகூட ஓட்டக் கூடாது, தண்ணீரில் லைனிங் ஊறி உரிந்துவிடும்.

வேக்குவம் குழாய் வைத்த பழைய பாக்ஸில் ஒரு வேடிக்கை உண்டு. கியர் லேட்டாக, வெடுக்கென்று இடித்து விழும். சைலன்ஸரில் வெள்ளைப் புகை. ஆயில் குறைந்துகொண்டே போகும், தரையிலோ ஒரு சொட்டுக்கூட இருக்காது. என்ஜின் ரிங் போச்சு, கியரும் போச்சு என்று ஒரே மூச்சில் இரண்டையும் இறக்கி வைத்த மகானுபாவர்களைப் பார்த்திருக்கிறேன். பாக்ஸோடு அந்தக் குழாய் சேரும் இடத்தில் டப்பா மாதிரி ஒரு சாமான், மாடுலேட்டர் என்று பெயர். அதற்குள் இருக்கும் ரப்பர் படலம் கிழிந்தால் என்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்க ஆரம்பித்துவிடும். குழாயை உருவிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஆயில் ஈரம் தெரிந்தால் விஷயம் முடிந்தது. வெளியிலிருந்தே மாற்றக்கூடிய சாமான்.

ஒரு வண்டி முதல் கியரை விட்டு ஏறவே மாட்டேன் என்றது. பாக்ஸை இறக்கக் கயிறு கட்டிவிட்டார்கள். பக்கவாட்டில் மூடியைத் திறந்து கவர்னரை உருவினால், அதன் நைலான் பல்சக்கரம் மழுங்கிக் கிடந்தது. வண்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும் நிற்கிறது என்றே பாக்ஸ் நினைத்துக்கொண்டிருக்கிறது, பாவம்.

இதையெல்லாம் பார்த்த பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். லேசான மிதியில் ஒரு தடவை, அழுத்தின மிதியில் ஒரு தடவை. எந்தக் கியர் எத்தனை கிலோமீட்டரில் விழுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மிதிக்கு ஏற்றபடி அந்த வேகம் மாறவே இல்லை என்றால் மிதியின் தகவல் போய்ச் சேரவில்லை. பிறகு பிரஷர் கேஜ் மாட்டி அழுத்தம் பார்ப்பது. அதற்கும் பிறகுதான் பான். பானின் அடியில் சாம்பல் நிறத்தில் மைமாதிரி கொஞ்சம் படிந்திருப்பது சகஜம், பயப்பட வேண்டாம். பித்தளைத் துகள் மின்னினாலோ, கருப்பு லைனிங் துண்டுகள் மிதந்தாலோ பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். அதிலும் எதனால் போனது என்று கண்டுபிடிக்காமல் அடுத்த பாக்ஸை மாட்டாதீர்கள். நான் மாட்டினேன்.

இதற்கு ஒர்க்‌ஷாப்காரர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "உட்கார்ந்து விசாரிக்க நேரம் எங்கே? பாக்ஸை மாற்றினால் ஒரே நாளில் வண்டி வெளியே. கேபிளைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன் என்றால் யார் காசு தருவார்கள்?" இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கண்டுபிடித்ததற்குக் கூலி தராமல், கழற்றி மாட்டினதற்கு மட்டும் கூலி தருகிற வாடிக்கையாளர்களும் இதில் பங்காளிகள்தான். பத்து நிமிஷத்தில் சரிசெய்தவனிடம் "இதுக்குப் போயி இவ்வளவா?" என்று கேட்கிறோம். இரண்டு நாள் கழற்றிப் போட்டவனிடம் பேரம்கூடப் பேசுவதில்லை. டிரைவர்களிலும் பொய் சொல்கிறவர்கள் உண்டு, மணலில் ஆட்டிவிட்டு ஆட்டவே இல்லை என்று சாதித்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பொய்யா நிஜமா என்பதைக் கேட்டுவிட்டு, வண்டியில் சரிபார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்கிறேன். சாச்சா சொன்னதைச் சரிபார்க்க எனக்கு வேண்டியிருந்தது பானெட்டைத் திறப்பதும் ஒரு மிதியும்தான். என் தப்பு வெளியே வந்துவிடுமே என்கிற இடத்தில் ஒர்க்‌ஷாப்பின் கண்ணுக்கு டிரைவர் தப்பு பெரிதாகத் தெரியும். இது எல்லா ஊர் வர்ஷாவுக்கும் பொது. அதனால் ஓட்டியவன் சம்பளத்தில் கை வைப்பதாக இருந்தால், சோதித்தது என்ன, கண்டது என்ன என்று எழுத்தில் இருக்க வேண்டும். 'டிரைவர் தவறு' என்று இரண்டு வார்த்தை போதாது.

தம்பி மகனுக்கு வருவோம். சியராவில் இருப்பது 4எல்60-இ. அந்தப் பழைய 700ஆர்4-ன் வாரிசு. கேபிள் போய்க் கம்ப்யூட்டரும் சொலினாய்டும் வந்துவிட்டன. நான் பாயில் உட்கார்ந்தபடியே கேட்டேன்.

"ரிவர்ஸ் எப்படிப் போகுது?"

"அது நல்லா இழுக்குது பெரியப்பா."

"நின்ன இடத்துலேர்ந்து முன்னாடி போறப்ப?"

"ரொம்ப மந்தம். மாடு மாதிரி நகருது. அம்பது தாண்டினா நல்லாப் போகுது. நூறுக்கு மேல போனா இன்ஜின் அலறுது."

"நடுவுல கியர் மாறுதா?"

யோசித்தான். "மாறுற மாதிரியே தெரியலையே."

"லீவர டிரைவ்ல போடறப்ப டங்குனு இடிக்குதா?"

"ஆமா! முன்னே அப்படி இல்ல."

"டேஷ்போர்டுல என்ஜின் லைட்?"

"ஒரு வாரமா எரியுது."

வழுக்குகிற பாக்ஸ் இடிக்காது. இந்த மாடலில் இரண்டு சொலினாய்டுகள்தான் கியரை மாற்றுகின்றன. இரண்டுக்கும் மின்சாரம் நின்றுபோனால் பாக்ஸ் மூன்றாவது கியரிலேயே நின்றுகொள்ளும், வண்டியை வீடு சேர்க்க அப்படி அமைத்திருக்கிறார்கள். மூன்றாவதில் கிளம்பினால் மந்தமாகத்தான் இருக்கும், நாலாவது இல்லாததால் ஹைவேயில் அலறத்தான் செய்யும். ஃபியூஸைப் பார், பிறகு வண்டிக்கு அடியில் பாக்ஸுக்குப் போகும் ஒயர் கட்டைப் பார் என்றேன். தனக்குத் தெரிந்த ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் பார்த்திருக்கிறான். கிளிப் உடைந்து தொங்கிய ஒயர் சைலன்ஸர் குழாயில் பட்டு உருகியிருந்தது. ஃபியூஸ் போயிருந்தது. ஒயரைச் சுற்றி, புது ஃபியூஸ் போட்டதும் நாலு கியரும் வந்துவிட்டன. இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் கருகின ஒயர் போட்டோ வந்தது. கூடவே ஒரு சிரிப்பு பொம்மை.

நான் உடனே கூப்பிட்டேன். "பிடித்தம் இல்லன்னு சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க பெரியப்பா. முதீர் சிரிச்சுக்கிட்டே விட்டுட்டாரு."

"நீ கெடுத்தேன்னு எழுதினாங்களே, அந்தப் பேப்பர்?"

"அது அப்படியே ஃபைல்ல இருக்கும். அதான் சரியாயிடுச்சே, இனிமே எதுக்கு?"

அந்த ஒயர் போட்டோவையும், ஃபியூஸ் வாங்கின ரசீதையும் வைத்து, இன்ன தேதியில் இன்ன காரணம் கண்டுபிடிக்கப்பட்டது என்று நாலு வரி எழுதி, அந்த ஃபைலில் சேர்க்கச் சொல்லி, ஒரு காப்பியில் கையெழுத்து வாங்கிக்கொள் என்றேன். அடுத்த வருஷம் முதீர் மாறுவார், சிரித்தவர் இருக்க மாட்டார், பேப்பர் இருக்கும். சரி சரி என்றான். அவன் சரி சரி என்றால் செய்ய மாட்டான் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூன்று வாரம் ஆகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை நானே கூப்பிட்டு, அவன் எழுத வேண்டிய நாலு வரியையும் போனிலேயே சொல்லி எழுத வைக்கப் போகிறேன்.